செல்விக்கு, முயல் விஷயமாக

அன்புள்ள செல்விக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உளுந்து எடுத்தாகிவிட்டது, விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. தம்பி பம்புசெட்டுக்குப் புது ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறான். ஊர் சமாச்சாரம் இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் முயலைப் பற்றி அரைமணி நேரம் பேசினாய். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். காது தொங்கும் ஜாதி, ஹாலந்து லாப், வளர்ந்தாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது, வீட்டுக்குள்ளேயேதான் வளர்க்கப் போகிறேன் என்றாய். “புது வீட்ல ஒரு ரூம்தான், ஆனா முயலுக்குப் போதும்” என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகு, எந்தப் புது வீடு என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் அவளை அதட்டிவிட்டேன். முயலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காது தொங்கினால் உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆட்டுக்கு அப்படித்தானே பார்ப்போம். புதன்கிழமை ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரிக்கே போய்விட்டேன். உன்னைவிடச் சின்னப் பெண், டாக்டர். மாடு இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்து முயலைப் பற்றிக் கேட்கும் கிழவனைப் பார்த்துச் சிரித்தது, ஆனால் பொறுமையாகச் சொன்னது. என் மகள் பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாள், கூட்டுறவு சங்கத்துக் கடனை அவள்தான் அடைத்தாள் என்றெல்லாம் உளறிவிட்டேன். பொங்கலுக்கு வரவில்லை என்பதைச் சொல்லவில்லை.

தொங்குகிற காதில் காற்றோட்டம் குறைவாம். அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கலாம். வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பார்க்க வேண்டும், உள்ளே குச்சி கிச்சி விடக்கூடாது. காதைப் பிடித்து முயலைத் தூக்கவே கூடாது. நாங்களெல்லாம் அப்படித்தான் தூக்கினோம். ஒரு கையை நெஞ்சுக்கும் ஒரு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்து அணைத்துத் தூக்கு. பின்னங்காலை உதறினால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடுமாம்.

வைக்கோல் ஒரு கட்டு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதில் சத்து இல்லை, வேண்டாம் என்றது. கடையில் டிமோத்தி என்று காய்ந்த புல் விற்கிறதாம், அது எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, நாள் பூரா மென்றால்தான் தேயும், இல்லாவிட்டால் கன்னத்தைக் குத்தும். அருகம்புல்லைக் கழுவிக் கொடுக்கலாம், கொத்தமல்லி கொடுக்கலாம். கேரட் இனிப்பு, ஒரு துண்டோடு நிறுத்து. சோறு, ரொட்டி, முறுக்கு எதுவும் வேண்டாம். குதிரைமசால் என்கிற தீவனப்புல் குட்டியாக இருக்கும்வரைதான். விடியற்காலையில் தன் புழுக்கையையே குனிந்து தின்னும், அருவருப்புப் பட்டுத் தடுக்காதே, அதில்தான் சத்து. குளிப்பாட்டாதே.

முக்கியமானது இதுதான். சாப்பிடுகிறதா என்று பார். அரைநாள் புல்லைத் தொடாமல் இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ, ராத்திரியானாலும் கொண்டுபோ. அதற்கு வாந்தி எடுக்க வராது, குடல் நின்றுபோனால் பிழைக்காது. இன்னொன்று, வலி வந்தால் கத்தாது. மற்ற பிராணிக்கு இரையாகிற ஜாதி என்பதால் நோயை வெளியே காட்டாதாம். எப்போதும்போல ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், நாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. போன வாரம் வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. மாப்பிள்ளைக்கு

அதை விடு.

டைல்ஸ் தரையில் அதற்குக் கால் வழுக்குமாம். உள்ளங்காலில் நாய்க்கு இருப்பதுபோல் மெத்தை கிடையாது, மயிர்தான், புண்ணாகிவிடும். இரண்டு கோரைப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன். கடிக்கும், கடித்தால் கடிக்கட்டும். ஆனால் ஒயர்களைச் சுவரோடு உயரத்தில் கட்டு. போன் சார்ஜரைக் கீழே போடும் பழக்கத்தை இப்போதாவது விடு. பெண் குட்டியென்றால் ஆறு மாதத்தில் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், அதை அம்மா போனில் சொல்வாள்.

ஒற்றையாக வளர்கிற முயல் ஏங்கிப்போகும், இரண்டாக இருந்தால் நல்லது என்றும் அந்தப் பெண் சொன்னது. அதற்காக நீ இன்னொன்று வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டு வருஷம் பத்து வருஷம் இருக்கும் உயிர். யோசித்துத்தான் செய்வாய்.

தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று நிற்கிற ஆள் என்று என்னை நீயும் அம்மாவும் சொல்வீர்கள். அந்தச் சம்பந்தத்திலும் அப்படித்தான் நின்றேன். நீ அன்றைக்கு அடுப்படியில் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

வெயிலைப் பற்றி எழுத வேண்டும். நாலு தரம் இந்த இடத்துக்கு வந்து பேனாவை மூடிவிட்டேன். முயலுக்கு வியர்க்காது. முப்பது டிகிரிக்கு மேல் போனாலே தாங்காது. பெங்களூர் பரவாயில்லை, இருந்தாலும் சித்திரையில் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வை. இதெல்லாம் எனக்கு 2003-இல் தெரியாது.

வெள்ளச்சி ஓடிப்போகவில்லை செல்வி.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல் போனதும் வீடு இருந்த நிலையும் உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். திண்ணையில் நாற்றம் என்று அப்பாயி தினம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் எரிச்சலில் கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். தகரக் கூரை, வைகாசி வெயில். தண்ணீர் வைத்தேனா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு பட்டுக்கோட்டை போனேன். எந்த நிலையில் திரும்பினேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். சாயங்காலம் திறந்தபோது வாயைத் திறந்தபடி ஒருக்களித்துக் கிடந்தது.

வாய்க்காலோரம் மூன்றாவது தென்னையடியில் புதைத்தேன். கூண்டைத் திரும்பத் திண்ணையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். மாமா வீட்டிலிருந்து நீ வந்ததும் ஓடிப்போச்சு என்றேன். நாலு நாள் கரையெல்லாம் தேடினாய். பள்ளிக்கூடம் திறக்கிறவரை தினம் ராத்திரி கொட்டாங்கச்சியில் அருகம்புல் வைத்தாய். காலையில் நீ எழுவதற்குள் அதை எடுத்து மாட்டுக்குப் போட்டவன் நான்தான். வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய். நான் அதை வேண்டாமென்று சொல்லவில்லை.

2018-இல் கஜா அடித்த மறுநாள் அந்தத் தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்தது. குழியை எட்டிப் பார்த்தேன். வெறும் மண்தான். அழுகை வந்துவிட்டது. நீ பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நிவாரணம் தருவாங்கப்பா, வேற கன்னு வெச்சுக்கலாம் என்றாய். அப்போதும் சொல்லவில்லை.

ஓடிப்போச்சு என்பதை நிஜமாகவே நம்பினாயா, நம்பினமாதிரி இருந்தாயா? வீட்டில் ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருக்க நீ யாரிடம் படித்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொங்கலுக்கு வராததில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

பின்பக்க அறையில் நெல் மூட்டை எல்லாம் எடுத்துவிட்டோம். வெள்ளை அடித்தாகிவிட்டது. வெளியே வேப்பமரம் இருப்பதால் மத்தியானத்திலும் அது சூடாவதில்லை, உனக்குத் தெரியும். ஒயர் எதுவும் தரைக்கு வராது. லீவு கிடைத்தால் முயலையும் எடுத்துக்கொண்டு வா. எத்தனை நாளானாலும் சரி.

பழைய விலாசம் சரியாக இருக்குமோ என்றுதான் இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். பாய் இரண்டும் சுருட்டிக் கட்டித் தயாராக இருக்கின்றன, தம்பி பார்சல் போடுவான். புது வீட்டின் கதவு எண்ணையும் தெருவையும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். குட்டி இன்றைக்குச் சாப்பிட்டதா என்று மட்டும் எழுது.

அப்பா