பொம்மை நோட்டுக்கு 300 ரூபாய்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கள்ளநோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பத்திரிகைகளில் அடிக்கடி பட்டியல் வருகிறது. சாய்த்தால் நோட்டுக்குள் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும், 500 ரூபாயின் ஓரத்தில் 5 கோடுகள் விரலில் தட்டுப்படும். சரி, பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், சுற்றி நாலு பேர் ‘எனக்கு எனக்கு’ என்று கை நீட்டும்போது, சுக்கு காபி விற்கும் என் அம்மா எந்த வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்?

போன பௌர்ணமிக்கு ஒருவன் 3 காபி வாங்கிக்கொண்டு நாலாக மடித்த 500 ரூபாயை நீட்டியிருக்கிறான், அம்மாவும் மீதி 455ஐ எண்ணிக் கொடுத்துவிட்டார். விடிந்து பிரித்தால் ரிசர்வ் வங்கி பெயர் இருக்கும் இடத்தில் ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’. பிள்ளைகள் கடை வைத்து விளையாடும் நோட்டு! காந்தி முகம் மட்டும் வெளியே தெரியும்படி மடித்திருந்தான், பாவி. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். இதே பெயர் போட்ட 2000 ரூபாய் நோட்டுகள் 2017இல் டில்லியில் ஒரு ஏ.டி.எம்.மிலிருந்தே வந்து விழுந்தன. 2024இல் அகமதாபாத்தில் நடிகர் அனுபம் கெர் படம் போட்ட 500 ரூபாய்க் கட்டுகளைக் கொடுத்துவிட்டு ஒரு வியாபாரியின் 2 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தோடு போய்விட்டார்கள். சுக்கு காபிக்காரி ஏமாந்தால் மட்டும் சிரிப்பா?

கள்ளநோட்டை நல்ல நோட்டென்று தள்ளிவிட்டால் ஆயுள் தண்டனை வரைக்கும் உண்டு. ஆனால் நோட்டின் சாயலில் அச்சடித்துக் கொடுப்பவருக்கு? புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆம் பிரிவைப் பார்த்தேன், அதிகபட்சம் 300 ரூபாய் அபராதம். பழைய சட்டத்தில் 100ஆக இருந்ததாம், ஏற்றிவிட்டார்கள்! அம்மாவுக்குப் போனதே அதைவிட அதிகம். பொம்மை நோட்டென்றால் பாதி அளவில், பின்பக்கம் வெறும் தாளாக அடித்தால் குழந்தை விளையாட மாட்டேன் என்றா சொல்லும்? அதே அளவு, அதே நிறம் எதற்கு?

ஜிபே அட்டை மாட்டலாம் என்றேன், அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இந்தப் பௌர்ணமிக்கு 500 ரூபாய் நோட்டையே தொடமாட்டேன் என்கிறார். காபி வேண்டுபவர்கள் சில்லறையோடு வரவும்.

– ஒரு வாசகர், திருவண்ணாமலை