ஒரு நாள் தீவனம் எத்தனை கிலோ என்று கேளுங்கள்: ஆர்.ஏ.எஸ். மீன் பண்ணை மானியம் குறித்து ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலர்களுக்கும், இத்திட்டத்துக்குக் கடன் தரும் வங்கி மேலாளர்களுக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆர்.ஏ.எஸ். என்பது ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பச் சுழற்றித் தொட்டியில் மீன் வளர்க்கும் முறை. 2020இல் தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் நடுத்தர ஆர்.ஏ.எஸ். பண்ணைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்தது 30 கன மீட்டர் கொள்ளும் 6 தொட்டிகள், ஒரு அறுவடைக்கு 10 டன் மீன், திட்ட மதிப்பு 25 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம். தொட்டியின் விட்டத்தையும் உயரத்தையும் டேப் பிடித்து அளந்துவிடலாம். ஆனால் அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்குமா என்பதை அந்த அளவு சொல்லாது. அறுவடைக்கு முந்தைய வாரத்தில் அந்தப் பண்ணையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனம் விழும்? மீனுக்கு விஷமான அம்மோனியாவை நீக்கும் பயோஃபில்டர், பம்ப், தண்ணீருக்குள் காற்றை ஊதும் புளோயர், ஜெனரேட்டர், கழிவு நீர் எல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்வியாக இதை வையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். ஆறு தொட்டியிலும் சேர்த்து 10 டன் ஜிலேபி மீன் நிற்கிறது, எடையில் 1.5 சதவீதம் தீவனம் என்றால் நாளுக்கு 150 கிலோ. 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். ஆக நாளுக்கு 4.5 கிலோ. அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, பயோஃபில்டருக்குள் போடும் மீடியா என்ற சிறு பிளாஸ்டிக் துண்டுகளின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளுக்கு 0.3 கிராம் நைட்ரஜனைக் கையாளும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு. அப்படியானால் 15,000 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்புள்ள மிதவை மீடியா 30 கன மீட்டர் வாங்க வேண்டும். மீடியா உருண்டு புரள இடம் வேண்டும் என்பதால் அதைப் பாதி அளவுக்குத்தான் நிரப்பலாம். பயோஃபில்டர் தொட்டி மட்டும் 60 கன மீட்டர், அதாவது மீன் தொட்டிகளின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் மீடியா போட்டு ‘10 டன் யூனிட்’ என்று எழுதிய கொட்டேஷன் உங்கள் மேசைக்கு வந்தால், இந்த ஒரு கணக்கை வைத்தே அதைத் திருப்பி அனுப்பலாம்.

25 லட்சத்துக்குள் இவ்வளவும் அடங்காது என்றால் மீனைக் குறைக்கட்டும், மீடியாவைக் குறைக்க வேண்டாம். 5 டன்னுக்கு ஒழுங்காகக் கட்டிய பண்ணை ஓடும். 10 டன் என்று எழுதி 3 டன்னுக்குக் கட்டிய பண்ணை மூன்றாவது மாதம் சாகும், விவசாயி தலையில் கடன் மட்டும் மிஞ்சும். இன்னொரு வழியும் உண்டு: ஆறு தொட்டிக்கும் ஒரே நாளில் குஞ்சு விடாமல், மாதத்துக்கு ஒரு தொட்டி என்று இருப்பு வைத்தால், உச்சத் தீவன அளவு ஏறத்தாழப் பாதியாக இறங்கும். வாரந்தோறும் சந்தைக்கு மீன் எடுக்கவும் அதுவே தோது. திட்டப்படி ‘ஒரு அறுவடை’ என்பதை ஒரே நாள் அறுவடையாகக் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது பம்ப். பயோஃபில்டரை ஒருமுறை கடக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா குறையும் என்றால், 4.5 கிலோவை நீக்க நாளுக்கு 4,500 கன மீட்டர் சுழல வேண்டும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 190. மொத்தத் தொட்டித் தண்ணீரும் மணிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. இதை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பாதித் திறனுள்ள பம்புக்கே சுமார் 3 கிலோவாட் போதும். 6 மீட்டர் என்றால் 6 கிலோவாட். தினமும் 75 யூனிட் கூடுதல், வருஷம் முழுக்க. கிணற்று மோனோபிளாக்கையே இங்கேயும் மாட்டிவிடுகிறார்கள். அது உயரத்துக்குத் தள்ளும் பம்ப். கரண்டைத் தின்னும், தண்ணீர் போதாது. குறைந்த உயரம், அதிக அளவு என்ற வகைப் பம்புதான் வேண்டும். இறக்கம் முழுக்கப் புவியீர்ப்பில் ஓட வேண்டும், ஏற்றம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தளமட்ட வரைபடம் இல்லாத திட்ட அறிக்கையை வாங்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். தொட்டியிலிருந்து முதலில் திடக்கழிவை வடித்தெடுக்கும் ட்ரம் ஃபில்டர், பிறகுதான் பயோஃபில்டர். தின்ற தீவனத்தில் கால் பங்கு திடக்கழிவாக வரும். 150 கிலோவுக்கு 37 கிலோ, அதுவும் காய்ந்த எடையில். அது மீடியாவில் படிந்தால் வேறு பாக்டீரியா அங்கே பெருகி, அம்மோனியாவைத் தின்பதன் இடத்தையும் ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்ளும். மணல் ஃபில்டர் வைத்தவர்கள் தினமும் கழுவித் தண்ணீரை வீணாக்குகிறார்கள்.

புளோயர் விற்பவரின் பட்டியலில் உள்ள ஆக்சிஜன் அளவு, 20 டிகிரியில் ஆக்சிஜனே இல்லாத சுத்தமான தண்ணீரில் எடுத்தது. 30 டிகிரியில் தண்ணீர் பிடிக்கும் உச்சமே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம். தொட்டியில் 5 இருக்க வேண்டுமென்றால், பட்டியலில் சொன்னதில் கால் பங்குதான் கையில் கிடைக்கும். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்துக் கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் என்று கணக்கு வைப்பது நல்லது.

இந்த மாவட்டத்துக்கு ஒரே வடிவம் ஒத்துவராது. பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கத்தில் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா, ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். மென்தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்து பி.எச். 6.5க்குக் கீழே சரிந்தால், பயோஃபில்டரின் வேலை தளர்ந்துவிடும். அங்கே கிலோ தீவனத்துக்கு 250 கிராம் வரை சமையல் சோடா போட வேண்டியிருக்கும். அந்தச் செலவு திட்ட அறிக்கையில் இருக்க வேண்டும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்பேறிய, கடினமான போர் தண்ணீர் கிடைக்கும் இடங்களில் சோடா அவ்வளவு தேவைப்படாது. அந்த உப்பில் உள்ள குளோரைடு, அம்மோனியா நைட்ரேட்டாகும் வழியில் உருவாகும் நைட்ரைட்டின் விஷத்தையும் தணிக்கும். ஆனால் பி.எச். 8 என்றால், அம்மோனியாவில் விஷமான பங்கு 30 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல், பி.எச். 7இல் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே அந்தப் பக்கத்துக்குப் பயோஃபில்டர் இன்னும் பெரிதாக வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகரக் கூடாது.

மின்சாரம் பற்றி ஒரே எண் போதும். கன மீட்டருக்கு 50 கிலோ மீன் நிற்கும் தொட்டியில் கரண்ட் போனால், ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமிலிருந்து 2க்கு இறங்கச் சுமார் 16 நிமிஷம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் எழுந்து ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணும் ஏற்பாடு எடுபடாது. தானாக மாறும் பேனல் வேண்டும். அதற்கும் மேலே, ஆக்சிஜன் சிலிண்டரோடு, கரண்ட் இருக்கும்வரை மூடியிருந்து போனதும் தானே திறக்கும் சோலனாய்டு வால்வு ஒன்று. ஜெனரேட்டர் கோளாறானாலும் அது தொட்டிக்குள் ஆக்சிஜனை விடும். ஒரு ஃபேஸ் மட்டும் போனால் மோட்டாரைக் காக்கும் ரிலேயையும் கட்டாயமாக்குங்கள். நேரம் பிரித்துத் தரும் மும்முனை இணைப்பை நம்பி இந்தப் பண்ணையைத் தொடங்கவே கூடாது.

மானியத்தின் கடைசித் தவணையைக் கட்டட முடிவுச் சான்றோடு விடுவிக்காதீர்கள். பயோஃபில்டரில் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். திறப்பு விழா அன்றே குஞ்சு முழுவதையும் விட்டால் முதலில் அம்மோனியாவும் பிறகு நைட்ரைட்டும் ஏறி மீன் மிதக்கும். அதற்குப் பதில் ஒரு சோதனை செய்யுங்கள். மொத்தம் 250 கன மீட்டர் தண்ணீரில் 1.9 கிலோ அம்மோனியம் குளோரைடு கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் ஏறும். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0.5க்குக் கீழே வந்தால், நாளுக்கு 12 கிலோ தீவனத்துக்கு அந்த ஃபில்டர் தயார், குஞ்சு விடலாம். சோதனைக் கிட்டோடு அலுவலர் இரண்டு நாள் வந்தால் முடிந்துவிடும் வேலை இது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. அலுவலர்களுக்கு அங்கே பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம்.

கடைசியாகக் கழிவு நீர். நைட்ரேட் நைட்ரஜனை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் வைக்க, கிலோ தீவனத்துக்கு 300 லிட்டர் மாற்ற வேண்டும். 150 கிலோவுக்கு 45,000 லிட்டர். இதை ஓடையிலோ குளத்திலோ விட அனுமதிக்கவே கூடாது, பாசி படர்ந்து குளம் கெடும். களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைக்கு இது அருமையான உரத் தண்ணீர். தண்ணீரைப் பார்த்தால் இரண்டு ஏக்கர் போதும். ஆனால் உச்சத்தில் நாளுக்கு 4.5 கிலோ தழைச்சத்து வருவதால் ஐந்து ஏக்கராவது பாய்ச்ச வேண்டும். உப்புத் தண்ணீர்ப் பண்ணைக் கழிவை மட்டும் வயலுக்கு விடக் கூடாது. கழிவு எந்தச் சர்வே எண்ணுக்குப் போகிறது என்பதையும் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
மறுசுழற்சி மீன் வளர்ப்பு அமைப்புகளை வடிவமைப்போரும் பராமரிப்போரும்,
திருநெல்வேலி.