விளிம்பைப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகியும் பதில் எழுதவில்லை; பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். தம்பிக்கு இடமாற்றம் கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இனியாவது அவன் நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

முதலில் உன் இரும்புச் சிலுவை, அந்த ஜெர்மன் போர்ப் பதக்கம். காந்தம் ஒட்டியதும் அசல் என்று தீர்ப்பே எழுதிவிட்டாய்; உன் அவசரம் பள்ளி நாளிலிருந்தே எனக்குத் தெரியும். 1939 என்று பொறித்த இரண்டாம் வகுப்புச் சிலுவைகளில் நடுத்தகடு பெரும்பாலும் இரும்புதான் என்றாலும், போலி செய்கிறவனுக்கும் இரும்பு கிடைக்கும். அசல்களிலேயே காந்தத்தில் ஒட்டாதவையும் உண்டு. ஆகவே உருப்பெருக்கியில் எழுத்துகளின் ஓரத்தைப் பார். அச்சில் அடித்ததில் அது கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்ததில் மழுங்கி, தளத்தில் ஊசிமுனை போன்ற குழிகள் தெரியும். நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலைகள் இருந்தால் அது போலி என்று ஒதுக்கிவிடாதே. மேற்கு ஜெர்மனியின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பழைய வீரர்கள் அணிவதற்காகச் செய்யப்பட்ட வடிவம் அது. போர்க்காலத்தது என்று விற்றால்தான் பொய்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. வெள்ளி அசல், அச்சு அசல், மேலே நாடா கோக்கும் நேரான தாங்கியும் அசல். ஆனால் விளிம்பில் இருந்த பெயர் மட்டும் அசலல்ல. அந்தப் பதக்கங்களில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் எழுத்தச்சுகளால் அழுத்திப் பதிக்கப்பட்டன. இதிலோ எழுத்துகள் உளியால் செதுக்கப்பட்டிருந்தன. விளிம்பும் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தது. 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டத்தை அளவுகருவியில் பல திசைகளில் எடுத்துப் பார்த்தபோது, பெயர் இருந்த பக்கத்தில் குறைந்தது. யாரோ ஒரு சாதாரணச் சிப்பாயின் பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, புகழ்பெற்ற படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரின் பெயரை வெட்டியிருக்கிறார்கள்.

எல்லாப் பெயர் மாற்றமும் மோசடியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தன் பதக்கத்தைத் தொலைத்த வீரர், இன்னொருவருடையதை வாங்கிப் பெயரை மாற்றி அணிந்ததும் உண்டு. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்தப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படைவீரர்களின் பணிப் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. பதக்கப் பட்டியல்கள் தப்பின. லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அப்படியிருக்க, பல குடும்பங்களுக்குத் தங்கள் மூதாதை போரில் இருந்தார் என்பதைச் சொல்ல அந்தப் பட்டியலின் ஒரு வரியும் விளிம்பில் பதித்த ஒரு வரியும்தான் மிச்சம். முழுப் போலியை வாங்கியவனுக்குப் பணம்தான் போகும். அரத்தால் தேய்த்த பதக்கத்திலோ ஒரு மனிதனின் தடயமே போய்விடுகிறது. விலையேற்றத்துக்காக இதைச் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பட்டியலில் பெயர் இருக்கிறது என்று விற்பவர் காட்டினாலும் நம்பிவிடாதே. பெயரை வெட்டியவனும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் வெட்டியிருப்பான்; பட்டியல் அந்த வீரருக்குச் சான்றே தவிர, உன் கையில் உள்ள உலோகத்துக்குச் சான்றல்ல. நாடாவும் அப்படித்தான். புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிர்ந்தால், பிற்காலத்து வெண்மையூட்டியோ சலவைத்தூளோ பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய பதக்கத்தில் புதிய நாடா கோத்திருப்பது வழக்கமே என்பதால், அதை வைத்துப் பதக்கத்தைப் பழிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

நீ எழுதியிருந்த அந்த இரட்டைப் பதக்கத் தொகுதிக்கு இன்னும் முன்பணம் தரவில்லை அல்லவா? இரண்டிலும் ஒரே பெயர் என்பதில் மயங்காதே. எழுத்தின் பாணியும் ஆழமும் ஒத்திருக்கின்றனவா என்று பார். பக்கவாட்டு வெளிச்சத்தில் விளிம்பு முழுவதையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்து அனுப்பு. விற்பவர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் தொகுதியை அவரிடமே விட்டுவிடு.

அன்புடன்,
உன் நண்பன்