7 பேர் கூட்டணியில் ஆறாவது ஆள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ரியாலிட்டி ஷோ கூட்டணிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய கூட்டணி வைத்திருப்பவர் ஜெயிக்கிறார், தனி ஆள் சீக்கிரம் வெளியே போகிறார், நடுவில் அணி மாறுபவர் துரோகி என்று மூன்றே வாக்கியத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டார் கட்டுரையாளர். தனி ஆளைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. மற்ற இரண்டும் ஓட்டுக் கணக்கோடு ஒத்துவரவில்லை.

முதலில், வெளியே அனுப்புவது யாருடைய ஓட்டு என்று பார்க்க வேண்டும். நேயர்கள் ஓட்டுப் போடும் நிகழ்ச்சியில் கூட்டணியின் பயன் நாமினேஷனோடு சரி. அதற்கு மேல் போனால் ‘குரூப்பிசம்’ என்று பேர் வாங்கி இருக்கிற ஓட்டும் குறையும். போட்டியாளர்களே ஒருவரையொருவர் ஓட்டுப் போட்டு அனுப்பும் நிகழ்ச்சியில்தான் கூட்டணி இல்லாமல் வேலைக்கு ஆகாது. நம் ‘பிக் பாஸ்’ போன்ற அமெரிக்க ‘பிக் பிரதர்’ இரண்டையும் பார்த்துவிட்டது. 2000-இல் முதல் சீசனில் நேயர்கள் ஓட்டுப் போட்டார்கள். 2001-இல் இரண்டாம் சீசனிலிருந்து அந்த ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் கைக்குப் போனது. பெயர் ஒன்றுதான், ஆட்டம் வேறு. கட்டுரையில் இரண்டு வகை உதாரணங்களும் கலந்து கிடக்கின்றன. நான் சொல்லப்போவது இரண்டாம் வகையைப் பற்றி மட்டும்.

12 பேர் மிஞ்சியிருக்கிறார்கள், அதில் 7 பேர் ஒரே அணி என்று வைத்துக்கொள்வோம். எதிரில் 5. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த 7 பேரும் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். ஆனால் எந்த அணிக்கும் உள்ளே ஒரு வரிசை உண்டு. மூன்று, நான்கு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், ஐந்தாமவருக்குச் சொல்லி அனுப்புவார்கள், ஆறாவதும் ஏழாவதும் ஒப்புக்குச் சப்பாணி. எதிரணி தீர்ந்த மறுநாள் போகப்போவது அவர்கள்தான். அணி மாறலாமா என்று அந்த இருவரும் யோசித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, எதுவரை மாற முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 12 பேர் இருக்கும்போது எதிரணி 5, இவர்கள் 2, ஆக 7-க்கு 5. எதிரணியில் ஒருவர் போய் 11 ஆனால் 6-க்கு 5, அப்போதும் ஜெயிக்கலாம். இன்னொருவரும் போய் 10 ஆகிவிட்டால் 5-க்கு 5, டை. 9 ஆனால் 4-க்கு 5, கதை முடிந்தது. ஆக, அவர்களுக்கு முழுசாகக் கிடைப்பது இரண்டே இரண்டு ஓட்டெடுப்பு. எதிரணியில் இன்னும் 4 பேர் இருக்கிறார்களே, அவசரம் என்ன என்று தோன்றும் அந்த நேரம்தான் கடைசி பஸ்.

டை ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஆபத்து. போட்டியாளர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றும் அமெரிக்க ‘சர்வைவர்’ நிகழ்ச்சியின் விதிப்படி மறு ஓட்டு நடக்கும், டை ஆன இருவரும் அதில் ஓட்டுப் போட முடியாது. அதிலும் டை விழுந்து, பேசியும் முடிவு வராவிட்டால் பையில் கைவிட்டுக் கல் எடுக்க வேண்டியதுதான். டை ஆன இருவரும் தப்பிவிடுவார்கள். ஒரு ஓட்டுக்கூட வாங்காத மூன்றாம் ஆள், நிறம் மாறிய கல்லை எடுத்த பாவத்துக்குப் பெட்டியைக் கட்டுவார். இந்தப் பயத்தாலேயே பலர் மறு ஓட்டில் தங்கள் ஆளைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆறாவது ஆள் விழித்துக்கொள்வது எப்படி என்பதற்கு 2002-இல் வந்த ‘சர்வைவர்: மார்க்கேசஸ்’ போல இன்னொரு பாடம் கிடையாது. 9 பேர் மிச்சம். ரோட்டு அணியின் உள்வட்டம் 4 பேர், அவர்களை நம்பி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பாஸ்கல், நெலே என்ற இருவர், வெளியே 3 பேர். அன்றைய இம்யூனிட்டி போட்டியில் (ஜெயித்தவரை அந்த ஓட்டெடுப்பில் வெளியேற்ற முடியாது), கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர் இன்னொருவரின் கயிற்றை வெட்டலாம். வெட்டுகள் சேர்ந்து தேங்காய் விழுந்தால் அவர் அவுட். உள்வட்டத்து நால்வர் வெளியாட்களை முடித்த கையோடு பாஸ்கல், நெலே பக்கம் திரும்பினார்கள், தங்களுக்குள் தொட்டுக்கொள்ளவில்லை. வாயால் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த வரிசையைக் கத்தியால் எழுதிக் காட்டிவிட்டார்கள். அந்த இருவரும் வெளியே இருந்த மூவரோடு சேர, 5-க்கு 4. உள்வட்டத்தின் தலைவர் ஜான் அன்றிரவே காலி. அணி மாறிய இவர்களைத் துரோகி என்பதா, எண்ணத் தெரிந்தவர்கள் என்பதா? (அதே பாஸ்கல் கடைசி 4 பேரில் ஒருவராக நின்று, சீசன் முழுக்க ஒரு ஓட்டும் விழாமல், ஊதாக் கல் எடுத்து வெளியேறினார் என்பது தனிக் கொடுமை.)

பெரிய அணி எப்படிச் சரியும் என்பதற்கு 2009-இன் ‘சமோவா’ சீசன். இரண்டு அணிகளும் ஒன்றாக்கப்பட்டபோது காலு 8, ஃபோவா ஃபோவா 4. காலு முதல் வேலையாகத் தன் ஆள் எரிக்கையே வெளியே அனுப்பியது. எதிரில் 4 பேர்தானே என்ற தெம்பு வந்ததும் உள்கணக்கைத் தீர்க்கக் கை பரபரத்திருக்கிறது. கடைசி மூன்று இடத்திலும் உட்கார்ந்தது அந்த நால்வர் அணியின் ஆட்கள். அதற்கு நேரெதிர் 2000-இல் வந்த ‘சர்வைவர்’ முதல் சீசன். 10 பேர் இருந்தபோது ரிச்சர்ட் ஹேட்ச் அணியில் வெறும் 4 பேர். ஆனால் அந்த 4 ஓட்டும் ஒரே பெயருக்கு விழுந்தன, மற்ற 6-உம் ஆளுக்கொரு பக்கம் சிதறின. எதிரே இருப்பவர்கள் ஒன்றுசேராத வரை 4 என்பதும் பெரும்பான்மைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் கூடுதல் தலைகள் உண்மையிலேயே உதவும்: எதிரணியிடம் இம்யூனிட்டி ஐடல் (எடுத்துக் காட்டினால் அவர் மீது விழுந்த ஓட்டெல்லாம் செல்லாமல் போகும்) இருக்கும் என்று சந்தேகம் வரும்போது ஓட்டைப் பிரித்துப் போட. இதற்குப் பெரும்பான்மை எதிரணியின் இரு மடங்காவது இருக்க வேண்டும். 6-க்கு 3 என்றால் எதிரணியின் இருவர் மீது 3, 3 என்று போடலாம். ஒருவர் ஐடல் எடுத்தாலும் இன்னொருவர் மீது 3 நிற்கும், நம் ஆள் மீதும் 3, மறு ஓட்டில் ஜெயித்துவிடலாம். 5-க்கு 3 என்றால் 3, 2 என்றுதான் பிரிக்க முடியும். 3 வாங்கியவர் ஐடல் எடுத்தால் மிஞ்சுவது 2, நம் ஆள் மீது 3. நம் ஆள் போய்விடுவார். அந்த நிலையில் பிரிக்காமல் ஒரே ஆள் மீது போட்டு, ஐடல் யாரிடம் என்று ஊகிப்பதே மேல்.

பிரித்துப் போடுவதில் யாரும் அதிகம் பேசாத பலவீனம் ஒன்று இருக்கிறது. 6-க்கு 3 இருக்கையில், பிரிக்காத இரவில் ஒருவர் மட்டும் தாவினால் 4-க்கு 5, ஒன்றும் நடக்காது. பிரிக்கும் இரவில் அதே ஒருவர் தாவினால் எதிரணிக்கு 4, இந்தப் பக்கம் 3-உம் 2-உம். ஒற்றை ஆள் ஆட்டத்தைப் புரட்டிவிடுகிறார். ஐடலுக்குப் பயந்து போடும் பூட்டின் சாவி, அணியிலேயே மதிப்பில்லாத ஆள் கையில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் பிரிக்கும் இரவுகளில் மாலை முழுக்க அந்த ஆறாவது ஆளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். எடிட்டிங்கில் அது நட்பு போலத் தெரியும்.

இனி ஜூரி. வெளியே அனுப்பப்பட்டவர்கள்தான் கடைசியில் பரிசைக் கொடுக்கிறார்கள், அவர்கள் ஒரே இடத்தில் தங்கிக் கதைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ‘நீயும் நானும்தான் கடைசி மூன்றில்’ என்று நான்கு பேரிடம் சொன்னவருடைய பொய் அங்கேதான் வெளுக்கிறது. ரஸ்ஸல் ஹான்ட்ஸ் ‘சமோவா’வில் 7–2–0 என்று நடாலி ஒயிட்டிடம் தோற்றார், 2010-இல் அடுத்த சீசனிலேயே திரும்ப வந்து இறுதிவரை போய் ஒரு ஓட்டும் வாங்கவில்லை, சாண்ட்ராவுக்கு 6, பார்வதிக்கு 3. ஆட்களை வெளியேற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அனுப்பி வைக்கும் பக்குவம்தான் இல்லை. வெளியேற்றும் நாளில் ஒரு பொய் தவிர்க்க முடியாதது, அதை யாரும் மன்னிப்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் தேவையில்லாமல் சொன்ன பத்துப் பொய்யை மன்னிக்க மாட்டார்கள். 2017 ‘பிக் பிரதர்’ இறுதியில் பால் என்ற போட்டியாளர் 5–4 என்று ஜோஷிடம் தோற்றதும் இப்படித்தான். வெளியேறியவர்களுக்கு ஜோஷ் பதிவு செய்த விடைபெறும் வீடியோக்கள், திட்டத்தில் பாலுக்கும் பங்கு உண்டு என்று உடைத்துவிட்டன. பால் நேரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நேர்மாறான விபத்தும் உண்டு. 2002-இல் ‘பிக் பிரதர்’ மூன்றாம் சீசனில் டேனியெல் ரெயெஸ் அருமையாக ஆடினார். ஆனால் வெளியேறியவர்கள் வீட்டுக்குப் போய், அவர் கேமராவிடம் தனியாகப் பேசியதையெல்லாம் டிவியில் பார்த்துவிட்டு வந்து 9–1 என்று தோற்கடித்தார்கள். அடுத்த சீசனிலிருந்து ஜூரியைத் தனியாக வைக்கத் தொடங்கினார்கள். டேனியெலுக்கு அது ஒரு வருஷம் தாமதம்.

அணியின் அளவை முடிவு செய்வதில் கட்டுரை கவனிக்காதது, கடைசிச் சுற்றின் விதி. ‘சர்வைவர்’ போட்டியில் 2017 முதல் 4 பேர் மிஞ்சும்போது ஓட்டெடுப்பு கிடையாது. இம்யூனிட்டி ஜெயித்தவர் ஒருவரைத் தன்னோடு அழைத்துக்கொள்வார், மற்ற இருவரும் நெருப்பு மூட்டிப் போட்டியிட வேண்டும். ஆகவே கடைசி ஓட்டு 5 பேர் இருக்கையில். அங்கே தேவை 3. முன்பு இரண்டு பேர் உறுதியாக இருந்தாலே ஓரளவு ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. இப்போது மூவர் இல்லாமல் முடியாது, நெருப்பு மூட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு திருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘பெயர் படித்த பிறகு ஐடலை எடுத்துக் காட்டித் தப்பலாம்’ என்று கட்டுரையில் இருந்தது. சில பழைய சீசன்களில் அப்படி இருந்தது உண்மை. இப்போது ஓட்டுப் போட்டு முடிந்து, படிக்கத் தொடங்குவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். அதாவது நம் பெயர் இருக்கிறதா என்று தெரியாமலே எடுக்க வேண்டும். 2007-இல் ‘சர்வைவர்: சைனா’வில் ஜேம்ஸ் வெளியேறியபோது அவரிடம் இருந்தது ஒன்றல்ல, இரண்டு ஐடல்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்