தனித்துப்போன பொத்தான்கள்

திருப்பூர்

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும், இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட வேண்டியிருப்பதில்லை என்பதையும் எழுதியிருந்தாய். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. பேத்திக்குப் பொத்தானும் பாசியும் கோத்துக் கையில் அணிய ஏதாவது செய்து தர வேண்டும், நான் அனுப்பிய படத்தில் இருந்ததை எப்படிச் செய்வது என்றும் கேட்டிருந்தாய். அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று சற்று நேரம் யோசித்தேன். கைச்சங்கிலி என்றால் தங்கம் நினைவுக்கு வருகிறது. காப்பு என்றால் கோயில் நினைவுக்கு வருகிறது. ஆகவே கடைக்காரர்கள் சொல்வது போலப் பிரேஸ்லெட் என்றே எழுதுகிறேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அலமாரியை ஒழித்தபோது, அம்மாவின் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கையில் கிடைத்தது. இந்தப் பழக்கம் அன்று தொடங்கியதுதான். கிழிந்த சட்டையைக் கரித்துணியாக்கும் முன் பொத்தான்களை அறுத்து அதில் போட்டுவைப்பது அம்மாவின் வழக்கம் என்பது உனக்கும் தெரியும். பெரிய கோட்டுப் பொத்தானின் இரண்டு துளைகளிலும் நூலை நுழைத்து, முறுக்கி இழுத்து, அது விர்ரென்று சுற்றுவதைத் திண்ணையில் உட்கார்ந்து நாம் பார்த்ததும் அந்தப் பாட்டிலின் புண்ணியத்தில்தான். ஆனால் பாட்டிலைத் தாம்பாளத்தில் கவிழ்த்தபோது, எதற்கும் ஜோடி இல்லை என்பது தெரிந்தது. வேண்டியபோதெல்லாம் எடுத்துத் தைத்தது போக மிஞ்சியவை அல்லவா? சட்டைக்கு முன்பக்கம் மட்டும் ஆறோ ஏழோ ஒரே மாதிரி வேண்டும். ஒற்றையாக நிற்கும் பொத்தானுக்கு அங்கே வேலை கிடையாது. பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் மேசை முன் நின்று, நிறம் ஒரு சாயல் மாறிய பொத்தானுக்காக முழுச் சட்டையையே ஒதுக்கிவைத்தவள் நான். இன்று அப்படிப்பட்டவற்றையே தேடி எடுத்து வரிசையாகக் கோப்பதில் கொஞ்சம் பிராயச்சித்தமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

ஆகவே கடையில் புதிதாக ஒரே மாதிரி ஒரு டஜன் வாங்கிவிடாதே. உன் வீட்டுத் தையல் டப்பாவிலிருந்தே தொடங்கு. எங்கள் வியாபாரத்தில் பொத்தானை லைன் கணக்கில்தான் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்குத் தைக்கும் 18 லைன் பொத்தான் பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதுவே குழந்தையின் கைக்குப் போதும். 24 லைன், அதாவது 15 மில்லிமீட்டர், நம் போன்றோர் கைக்கு எடுப்பாக இருக்கும். பாசிக்குக் கணக்குத் தலைகீழ்: எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11ஆம் எண் பாசி சுமார் 2 மில்லிமீட்டர், 8ஆம் எண் சுமார் 3. கண் தெளிந்துவிட்டது என்ற உற்சாகத்தில் 11ஐ எடுக்காமல் 8இலிருந்து தொடங்கு. டப்பாவில் சிப்பிப் பொத்தான் கிடந்தால் அதைத் தனியே எடுத்துவை. ஐயமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பார். சிப்பி குளிரும், பிளாஸ்டிக் அப்படிக் குளிராது.

கோக்கும் முறை நீ நினைப்பதைவிட எளிது. எலாஸ்டிக் நூலைப் பொத்தானின் அடியிலிருந்து ஒரு துளை வழியே மேலே எடுத்து, அதில் ஒரு பாசியைக் கோத்து, எதிர்த் துளை வழியே கீழே இறக்கினால், பாசி பொத்தானின் நடுவே பூவின் மகரந்தம் போல உட்கார்ந்துகொள்ளும். நான்கு துளைப் பொத்தானாக இருந்தால் மூலைவிட்டமாக இரண்டை மட்டும் எடுத்துக்கொள். அடுத்த பொத்தானுக்குப் போகும்போது இடையில் ஒன்றும் கோக்காமல் இழுத்தால் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அடிப்பக்கம் பாசிகளைச் சேர்க்கச் சேர்க்க அவை விலகி நிற்கும். எனக்குச் செதில் பிடிக்கிறது. ஆனால் செதிலுக்குப் பொத்தான் ஏறக்குறைய இரண்டு பங்கு செலவாகும், கனமும் கூடும்.

அந்தக் கனத்தால்தான் முதலில் செய்தது என் மானத்தை வாங்கியது. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அதை அணிந்து போயிருந்தேன். பந்தியில் இலை போட்டுப் பாயசம் வரும் நேரத்தில் அறுந்து, பாசியெல்லாம் பரிமாறுகிறவர் காலடியில் ஓடிற்று. அழகுக்காக நடுவில் வைத்த பித்தளைப் பொத்தானின் துளை விளிம்பு, கனம் இழுக்க இழுக்க, எலாஸ்டிக்கை மெல்ல மெல்ல அறுத்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதன் பின் உலோகப் பொத்தானுக்கு எலாஸ்டிக் போடுவதில்லை. மெழுகிட்ட பருத்திக் கயிற்றில் கோத்து, ஒரு முனையில் கண்ணியும் மறு முனையில் பொத்தானுமாக விட்டு, பொத்தானையே கொக்கியாக மாட்டிவிடுகிறேன். எலாஸ்டிக் போடுவதானால், கோக்கும் முன் நூலை நன்றாக இழுத்து விடு, இல்லையென்றால் இரண்டே நாளில் தொளதொளத்துவிடும். முடிச்சை இரண்டு சுற்றாகப் போட்டு, ஒரு சொட்டுப் பசை வைத்து, உலர்ந்ததும் பக்கத்துப் பாசிக்குள் மறைத்துவிடு. பேத்தியின் தம்பி தவழ்கிற வயது என்று எழுதியிருந்தாயே, வேலை முடிந்ததும் தரையை ஒரு முறை கூட்டிப் பார்த்துவிடு; கையில் அகப்படும் பாசி நேரே வாய்க்குத்தான் போகும்.

இந்த வேலையில் உட்காரும்போது கொடுமணல் நினைவுக்கு வருகிறது. நம் நொய்யல் ஆற்றங்கரை ஊர்தான். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுவே என்பார்கள். சூதுபவளம், படிகம், பச்சைக்கல் என்று பலவகைக் கல்மணிகள் அங்கே அகழாய்வில் கிடைத்தன; மெருகேற்றியவையும் ஏற்றாதவையும், துளையிட்டவையும் இடாதவையும் சேர்ந்தே கிடைத்ததால்தான் அது மணி செய்த ஊர் என்று தெரிந்தது. முடித்த மணிகள் விலைபோய் எங்கெங்கோ போயிருக்கும். முடியாமல் நின்றவைதான் ஊரின் தொழிலை இன்று நமக்குச் சொல்கின்றன. அதே ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டு கழித்து நான் கழிவுப் பொத்தானைக் கோத்துக்கொண்டிருக்கிறேன். என் மகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான்; சிரிக்கட்டும்.

பேத்தியின் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அந்த அளவில் வெட்டி, முடிச்சிடாமல் உறையில் போட்டு அனுப்பு. அதற்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு நானும் ஒன்று செய்து அனுப்புகிறேன். உன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த உறையில் உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன், ஒன்பது பொத்தான், ஒன்பதும் ஒன்பது வகை. கூடவே அந்தக் கோட்டுப் பொத்தானும் இருக்கிறது. பிரேஸ்லெட்டுக்கு மிகப் பெரியதாக இருந்ததால், நூல் மட்டும் கட்டி அனுப்புகிறேன். பேத்திக்குச் சுற்றிக் காட்டு.

அன்புடன்,
உன் பழைய திண்ணைத் தோழி