பொருள்: டிரம்ம அளக்காம ஒட்டி அனுப்புன பிரேக் ஷூ பத்தி புகார்

வணக்கம் சார்,

பேராக், சுங்கை சிப்புட்டுல இருந்து எழுதுறேன். போன மாசம் எங்கப்பாவோட பிஎஸ்ஏ பி31 மோட்டாருக்கு முன் பிரேக் ஷூ ரெண்டையும் லைனிங் (ஷூ மேல ஒட்டுற உராயுற பட்டை) மாத்த உங்க கடைக்கு அனுப்பி 280 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். ஷூ வந்துச்சு, பாக்க பளபளன்னு இருந்துச்சு, பிரேக் மட்டும் புடிக்கல. போன்ல மூணு தடவ சொல்லிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற தம்பி எடுக்குறாரு, மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி "ஓட்டுங்க அங்கிள், ஓட ஓட செட் ஆயிடும்"னு ஒரே பாட்டு, அதான் எழுத்துல போடுறேன்.

அப்பா தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருந்தப்ப வாங்குன வண்டி இது. பி31 செஞ்சதே 1945லேர்ந்து 1959 வரைக்கும்தான், அப்ப எந்த பி31 டிரம்முக்கும் (ஷூ உள்ள உரசுற சக்கரத்து வட்டத்துக்கும்) வயசு அறுபத தாண்டியாச்சு, லேத்துல வச்சு உள்பக்கம் கடையாத டிரம் எங்க கெடைக்கும் சொல்லுங்க. முன் டிரம் 7 இஞ்ச், அதாவது 177.8 மில்லி. என்னோடத ரெண்டு தடவ கடைஞ்சாச்சு, இப்ப உள்ளளவு 179. உங்க ஆர்டர் பார்ம்ல மாடல், வருஷம், கலர் (பிரேக் ஷூவுக்கு எதுக்குய்யா கலரு) எல்லாம் கேக்குறீங்க, டிரம் அளவுக்கு ஒரு கட்டம் இல்ல. சரின்னு நானே "டிரம் 179, தடி லைனிங் ஒட்டி அளவுக்கு கடைஞ்சு குடுங்க"ன்னு பேப்பர்ல எழுதி நாலா மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு ஷூவோட வச்சேன். அந்த பேப்பர் ஸ்டேப்ளர் கூட பிரியாம அப்படியே பெட்டியில திரும்பி வந்திருக்கு.

மாட்டி மொத வாரமே, மழை தூறிட்டு இருந்தப்ப, வீட்டுக்காரம்மாவ பின்னாடி வச்சு தோட்டத்து மேட்டுல இருந்து இறங்குறேன், மெயின் ரோட்டு சிம்பாங்ல (முச்சந்தியில) செம்பனை குலை ஏத்துன லோரி ஒண்ணு திரும்புது, முன் பிரேக்க புடிச்சா லிவர் ஹேண்டில்ல வந்து ஒட்டுது வண்டி பாட்டுக்கு போகுது, பயத்துல பின் பிரேக்க மிதிச்சேன் டயர் வழுக்கி லோங்காங் (சாக்கடை) ஓரத்து புல்லுல போயி நின்னோம். அடி படல. அந்தம்மா அன்னைலேர்ந்து மோட்டார்ல ஏற மாட்டேங்குது, அது வேற கணக்கு.

வீட்டுக்கு வந்து சக்கரத்த கழட்டி லைனிங் பூரா சாக்பீஸ் தேச்சு திரும்ப மாட்டி, சக்கரத்த சுத்தி விட்டு பிரேக்க லேசா ரெண்டு மூணு தடவ புடிச்சு கழட்டி பாத்தேன். ரெண்டு ஷூவுலயும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்குத்தான் சாக் அழிஞ்சிருக்கு, மேலயும் கீழயும் வெள்ளையா அப்படியே நிக்குது. 177.8 டிரம்முக்கு உள்ள வளைவ 179 டிரம்முல போட்டா வேற எப்படி ஒட்டும், சின்ன கிண்ணத்த பெரிய கிண்ணத்துக்குள்ள சாய்ச்சு வச்ச மாதிரிதான்.

கேபிள மாத்துங்கன்னு ஒரு தம்பி சொன்னாரு. கேபிள் புதுசு. ஆக்சில் நட்ட லூசாக்கி பிரேக்க இறுக்கி புடிச்சிக்கிட்டே டைட் பண்ணி ஷூவ நடு சென்டர்ல வச்சாச்சு, பிரேக் புடிக்கும்போது டிரம் பக்கத்துல கேபிள் இழுக்குற கைக்கும் கேபிளுக்கும் 90 டிகிரி வர்ற மாதிரி செட் பண்ணுனோம், ஆனா உங்க ஷூ டிரம்ம தொடவே ஷூவ விரிக்கிற கேம் நெறைய திரும்ப வேண்டியிருக்கு, கை 90-அ தாண்டி போயிடுது, பலமெல்லாம் அங்கயே போச்சு. என் போர்மேன் (மெக்கானிக்) முப்பது வருஷமா பழைய வண்டி பாக்குறவரு, அவரு கேட்டது ஒண்ணுதான், "லைனிங் முனைய கூட சரிவா ராவி விடலையே, இவனுங்க டிரம்ம கண்ணால பாத்துருக்கானுங்களா?"

இன்னொண்ணு, நீங்க போட்டது "ரேசிங் கிரேடு"ன்னு பில்லுல பெருமையா இருக்கு. அந்த மாதிரி லைனிங் சூடேறுனாத்தான் கடிக்கும், நான் மழையில 40ல போறவன், அது எப்ப சூடாகுறது நான் எப்ப நிக்கிறது. ஓட ஓட செட் ஆகும்னீங்களே, அவ்வளவு கெட்டி லைனிங் தேயிறதுக்குள்ள நான் போய் சேந்துருவேன். (உங்க வீடியோல ஒரு பையன் பழைய டிரம் தூச கம்ப்ரசர்ல ஊதுறான். பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கும் சார், ஈரத்துணியால தொடைக்க சொல்லுங்க, முகத்துல மாஸ்க் கூட இல்ல.)

எனக்கு வேண்டியது இதுதான், சாதா ரோட்டு லைனிங் தடியா ஒட்டி 179க்கு மயிரிழை கம்மியா கடைஞ்சு உங்க போஸ்டேஜ்ல அனுப்புங்க, டிரம் வேணும்னா சக்கரத்தையே குடுத்து விடுறேன். முடியாதுன்னா 280 வெள்ளிய திருப்பி குடுங்க. 14 நாள்ல பதில் இல்லன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி மனு போடுவேன், பில்லு, போட்டோ, ஸ்டேப்ளர் அடிச்ச பேப்பர் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

ஷூவ இன்னும் தொடைக்கல, சாக் அழியாம நியூஸ் பேப்பர்ல சுத்தி அலமாரி மேல இருக்கு. உங்க ஆளு யாராச்சும் வந்தா காட்டுறேன்.

இப்படிக்கு,
மோட்டார்ல பிரேக் இல்லாததால சைக்கிள்ல போயிட்டு இருக்கிற உங்க கஸ்டமர்