விலைக்கழிவு கொடுத்தாச்சு, கரண்டு மிச்சமானதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சாரச் சிக்கனத் திட்டங்கள் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மின்சிக்கனத்துக்கு ஐந்து நட்சத்திரம் பெற்ற ஐஸ் பெட்டி ஒன்று விற்றால் இத்தனை யூனிட் மிச்சம், ஆயிரம் விற்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு மிச்சம் என்ற கணக்கை அப்படியே நம்பி எழுதியிருந்தது உறுத்தியது. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஐஸ் பெட்டி, ஏர்கோன் பழுதுபார்ப்பது என் தொழில். டவுன் கடை ஒன்றுக்காகப் புதுப் பெட்டிகளை லோரியில் கொண்டுபோய் இறக்குவதும் உண்டு. அந்தப் பெட்டி வாசற்படியைத் தாண்டிய பிறகு நடப்பது எதுவும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

2011இல் மலேசிய அரசாங்கத்தின் 'சேவ்' என்ற மின்சிக்கனத் திட்டம் தொடங்கியபோது ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டிக்கு 200 வெள்ளியும் ஏர்கோனுக்கு 100 வெள்ளியும் விலைக்கழிவு கிடைத்தது. 2021இல் அதே திட்டம் மறுபடி வந்தது, மறுபடி 200 வெள்ளி. கழிவை நான் குறை சொல்லவில்லை. வாங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் விற்ற பெட்டிகளை எண்ணுவது வேறு, மிச்சமான கரண்டை அளப்பது வேறு.

புதுப் பெட்டியைக் கூடத்தில் நிறுத்திவிட்டுப் பழையதை என்ன செய்வது என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "நல்லாத்தானே ஓடுது தம்பி, பின்னால அடுப்படியில வெச்சிடுங்க. தீபாவளிக்கு ஆகும்." நானும் என் கூட்டாளியும் தூக்கிக்கொண்டுபோய் வைப்போம். கதவு ரப்பர் கிழிந்து, மோட்டார்சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டிய பெட்டி அது. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்கு வேறு வேலையாகப் போனால், உள்ளே மூன்று போத்தல் தண்ணீரும் அரைத்த தேங்காயும் கோயிலுக்குக் கட்டிவைத்த மல்லிகைச் சரமும் இருக்கும். ரப்பர் பிடிக்காததால் குளிர் வெளியே கசியும்; கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். முன்பு ஒரு பெட்டி ஓடிய வீட்டில் இப்போது இரண்டு. காகிதத்தில் அது மின்சாரத்தை மிச்சப்படுத்திய வீடு.

சரி, பழையதைக் கட்டாயமாக வாங்கி உடைத்துவிட்டால் தீர்ந்ததா? மெக்சிகோவில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2009 முதல் 2012 வரை சுமார் 19 லட்சம் வீடுகளுக்குப் பழைய ஐஸ் பெட்டியையும் ஏர்கோனையும் மாற்ற அரசு உதவியது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட பழையதை ஒப்படைத்தால்தான் புதியது. பின்னால் லூகாஸ் டேவிஸும் இன்னும் இரண்டு பொருளியல் ஆய்வாளர்களும் அந்த வீடுகளின் மின்கட்டண பில்களையே எடுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். ஐஸ் பெட்டி மாற்றிய வீடுகளில் மின்பயன்பாடு 8 விழுக்காடு குறைந்திருந்தது. முன்கூட்டிப் போட்ட கணக்கில் அது ஏறக்குறைய கால் பங்குதான். ஏர்கோன் மாற்றிய வீடுகளிலோ பயன்பாடு கூடியிருந்தது! புதுப் பெட்டிகள் பழையதைவிடப் பெரியவை, வசதி அதிகம் உள்ளவை. புது ஏர்கோன் செலவு குறைவு என்று தெரிந்தால் மனிதர் அதைக் கூடுதல் நேரம் போடத்தானே செய்வார்? இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் புதியது மாட்டியதும் மத்தியான வெயிலுக்கே போட ஆரம்பிப்பதை இங்கேயும் பார்க்கிறேன். அதில் தப்பேதும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அது நிம்மதி. அதை மிச்சம் என்று எழுதிவைப்பதுதான் தப்பு.

விலையைக் கொண்டு மக்களைச் சிக்கனமாக்கலாம் என்ற எண்ணத்திலும் இதே சிக்கல் உண்டு. பழைய கட்டண முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், 300ஐத் தாண்டினால் 51.6 சென். 350 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 102 வெள்ளி 80 சென். அந்த வீட்டில் ஒரு யூனிட் குறைத்தால் மிச்சம் 51.6 சென். ஆனால் வீட்டுக்காரர் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார். அவர் மனக்கணக்கில் ஒரு யூனிட் சராசரியாக 29 சென். கலிஃபோர்னியாவிலும் இப்படித்தான் என்று கோய்ச்சிரோ இட்டோ என்ற பொருளியலாளர் 2014இல் காட்டினார். படிப்படியாக ஏறும் கட்டணத்தில் மக்கள் கடைசிப் படியின் விலைக்கு அசைவதில்லை, சராசரி விலைக்குத்தான் அசைகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து நம் பில் இன்னும் நீண்டுவிட்டது. எரிசக்தி, கொள்திறன், கட்டமைப்பு, சில்லறைக் கட்டணம் என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 600 யூனிட்டுக்குள் இருந்தால் சில்லறைக் கட்டணமான 10 வெள்ளி இல்லை. 1,000க்குள் இருந்தால் சிக்கன ஊக்கக் கழிவு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த விவரங்களைப் படித்துப் பார்த்து விசிறியை நிறுத்தியவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்புறம் நேரக் கட்டணம். விருப்பப்பட்டவர்கள் சேரலாம். வாரநாட்களில் மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை விலை அதிகம், மற்ற நேரத்திலும் வாரக்கடைசியிலும் குறைவு. கோலாலம்பூரில் அலுவலகம் போய் ஏழு மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்துக்கு மதியம் வீடு காலி, சமாளித்துக்கொள்ளலாம். தோட்டத்து வீட்டில் விடிவதற்கு முன்பே ஆள் வேலைக்குக் கிளம்பியாயிற்று. மதியம் இரண்டு வாக்கில் எல்லாரும் வீட்டில். செம்பனைக் குலை வெட்டி வந்த உடுப்பை அப்போதுதான் துவைக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள், விசிறியும் டிவியும் ஓடும். காலையிலேயே துவைத்து வைக்கலாமே என்பார்கள். எந்த உடுப்பை? அது இன்னும் உடம்பில் இருக்கிறதே. நகரத்து வீட்டை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு எங்கள் பக்கத்தில் செல்லாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நான் பார்த்தவரையில் தோட்டத்து வீடுகளில் மலிவான சிக்கனம் கதவு ரப்பரை மாற்றுவதும், சுவரோடு ஒட்டியிருக்கும் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுப்பதும், அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்துவதும்தான். இதற்கு எந்தத் திட்டத்திலும் கழிவு வந்து நான் பார்த்ததில்லை. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்கு 200 வெள்ளி கழிவு கிடைத்தாலும் ஐந்து நட்சத்திரப் பெட்டி எட்டாத விலைதான். அதை வாங்குகிறவர் பெரும்பாலும் கழிவு இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார். கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பந்தப்பட்ட அமைச்சிடம் ஒரு விவரம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். கழிவு பெற்ற வீடுகளின் முந்தைய ஓராண்டு யூனிட் எவ்வளவு, பிந்தைய ஓராண்டு யூனிட் எவ்வளவு? வெயில் கடுமையான ஆண்டில் எல்லார் பில்லும் ஏறும் என்பதால், அதே ஊரில் கழிவு வாங்காத வீடுகளின் கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்டம், தாமான், அடுக்குமாடி என்று பிரித்தும் கேளுங்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் அரை மணிக்கொரு தடவை பதிவாகிறது. இரண்டு மணிக்கு எங்கள் வீடுகளில் என்ன ஓடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். யாருடைய பெயரும் முகவரியும் தேவையில்லை, யூனிட் எண்ணிக்கை போதும்.

இப்படிக்கு,
ஐஸ் பெட்டி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.